ஜி என்றால் பச்சை

பத்து வயதில் எனக்குத் தெரியாத கப்பல் கம்பெனி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கப்பலைத்தான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு முடுக்கில் இருந்தது. அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் குடிதண்ணீரிலிருந்து சுங்கக் காகிதம்வரை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுப்பது அந்த ஆபீசின் வேலை. அப்பா காலை முதல் பஸ்ஸில் போய், விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்புவார். அவர் சட்டையில் கடல் வாசம் வரும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது டீசல் வாசம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முழுப்பரீட்சை லீவுக்கு அப்பா ஆபீசிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். லீவு முடிகிறவரை நான் வைத்துக்கொள்ளலாம், கிழிக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உள்ளே பக்கம் பக்கமாகக் கொடிகள். தேசக் கொடிகள் அல்ல, கப்பல் கம்பெனிகளின் கொடிகள். கப்பலின் பின்பக்கம் பறக்கும் கொடி அது எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லும், உச்சிக் கம்பத்தில் பறப்பது அது யாருடைய கப்பல் என்று சொல்லும் என்றார் அப்பா. வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு முக்கோணங்கள் நடுவில் முட்டிக்கொள்ளும் கொடி ஒன்று. மீன்வால்போலப் பிளந்த சிவப்பில் வெள்ளை நட்சத்திரம் ஒன்று. பூமி உருண்டையைப் பந்துபோலப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிங்கம் ஒன்று. அந்தக் கம்பெனிகளில் பாதிக்கு மேல் மூடியாகிவிட்டது, கப்பல்களை உடைத்து இரும்புக்கு விற்றாகிவிட்டது என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கொடி இருந்ததே.

வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்ட நம் கப்பல்களின் கொடியைத் தேடினேன். இல்லை. “புத்தகம் போட்டவனே வெள்ளைக்காரன்லா, அவன் எப்படிப் போடுவான்?” என்றார் அப்பா.

நான் ஒரு பெரிய டிராயிங் நோட்டு வாங்கி எல்லாக் கொடிகளையும் வரைய ஆரம்பித்தேன். மெழுகுப் பென்சிலால் வண்ணம் தீட்டி, அடியில் கம்பெனியின் பெயரும் ஊரும் எழுதினேன். லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது புத்தகத்தில் இன்னும் இருபது பக்கங்கள் மிச்சம் இருந்தன. கை வலித்தது. சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. மிச்சத்தை விட்டுவிட்டேன்.

“எல்லாத்தையும் வரைஞ்சிட்டியா?” என்று அப்பா கேட்டார்.

“எல்லாத்தையும்” என்றேன்.

புத்தகம் ஆபீசுக்குத் திரும்பிப் போனது. அந்த ஐப்பசியில் ஆபீஸ் கூரை ஒழுகியதில் அது ஊறிக் கூழாகிவிட்டது என்று அப்பா வந்து சொன்னார். கப்பல் கொடிகள் விஷயத்தில் அன்றிலிருந்து என் நோட்டுதான் கடைசி வார்த்தை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். நான் சுவரைப் பார்த்து நின்றுகொள்வேன். வந்தவர் ஒரு பெயரைச் சொன்னால் கொடியின் நிறங்களைக் கம்பத்துப் பக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்வேன். அடுத்த தெருவிலிருந்த பெரியப்பா மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார். கருவூலத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். நான் பத்து கொடிகளைச் சரியாகச் சொன்னால், “பதினொண்ணாவதைக் கேட்டாத்தான் தெரியும்” என்பார்.

பதினொன்றாவது அடுத்த தை மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது.

அன்று அப்பா மாலை நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சுருண்ட வழவழப்பான காகிதம் ஒன்று. சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். எங்கள் தெருவிலும் சுற்றியுள்ள மூன்று தெருக்களிலும் ரவிக்கை என்றால் அம்மாதான். கால் மிதிப்பதை நிறுத்தாமலேயே அம்மா அவரைப் பார்த்தாள்.

“உன்னால ஒரு கொடி தைக்க முடியுமா? திங்கக்கிழமை காலையில வேணும்.”

“எந்தக் கட்சிக்கு?”

“கட்சிக்கு இல்ல, கப்பலுக்கு.”

மெஷின் நின்றது.

அப்பா விஷயத்தைச் சொன்னார். குலசேகரன்பட்டினத்துப் பக்கம் ஒரு குடும்பம் அந்தக் காலத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி மூடி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பேரன் சென்னையில் சம்பாதித்து ஒரு சரக்குக் கப்பலை வாங்கியிருக்கிறார். அதே பழைய பெயர், அதே பழைய கொடி. கப்பல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துக்கு வருகிறது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கப்பலை விற்ற கம்பெனியின் கொடியை இறக்கி இவர்கள் கொடியை ஏற்ற வேண்டும். பம்பாயில் தைக்கக் கொடுத்த கொடி கூரியரில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கொடியின் படம்தான் ஃபேக்ஸில் வந்திருக்கிறது.

“அண்ணாச்சி என்னையப் பாத்து, ‘உம்ம வீட்டுல தைப்பாங்கல்லா வே?’ன்னாரு. நானும் தைப்பாங்கன்னுட்டேன்.” ஆபீஸ் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள்.

அம்மா காகிதத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். ஃபேக்ஸில் வண்ணம் வராது. கறுப்பு வெள்ளையில் ஒரு நீள்சதுரம், நடுவில் பெரிய சாய்சதுரம், சாய்சதுரத்தைச் சுற்றி ஒரு கரை. ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. நீள்சதுரத்தில் ‘பி’, கரையில் ‘டபிள்யூ’, நடுவில் ‘ஜி’.

டபிள்யூ வெள்ளை, சந்தேகமில்லை. பி என்றால் நீலமா, கறுப்பா? கப்பலுக்குக் கறுப்புக் கொடி ஏற்ற நம்ம ஊர்க்காரன் எவனும் சம்மதிக்க மாட்டான், ஆகவே நீலம் என்று அப்பா தீர்த்துவைத்தார். ஜி-யில்தான் சிக்கியது. பச்சைக்கும் அதே எழுத்து, தங்க நிறத்துக்கும் அதே எழுத்து. அப்பா எஸ்டிடி பூத்துக்குப் போய்ச் சென்னைக்குப் பேசிப் பார்த்தார். ஆபீஸ் பூட்டிவிட்டது, போனை எடுத்தது காவல்காரர். குடும்பமே காரில் கிளம்பி, வழியில் கோயில் கோயிலாகப் பார்த்துக்கொண்டு வருகிறதாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டார். “அதெல்லாம் நீரே பாத்து முடிச்சிரும்” என்று அவர் வைத்துவிட்டார்.

அப்பா திரும்பி வந்தபோது கூடவே பெரியப்பாவும் வந்தார். வழியில் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

“இதுக்கு ஏம்லே இவ்வளவு அலையுத? பழைய கம்பெனிதானே. ஒம் மகதான் உலகத்துக் கொடியெல்லாம் வரைஞ்சு வச்சிருக்காளே, அவகிட்ட கேளு.”

அப்பாவின் முகம் தெளிந்தது. “ஏட்டி, ஆமா. உன் நோட்டுல இது இருக்கா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கொடி என் நோட்டில் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை நான் விட்டுவிட்ட இருபது பக்கங்களில் இருந்திருக்கலாம். இல்லை என்று சொன்னால், ‘எல்லாத்தையும் வரைஞ்சேன்னியே’ என்று பெரியப்பா கேட்பார். அவர் அதைக் கேட்கத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“இருக்கு” என்றேன்.

“நடுவுல என்ன கலரு?”

“பச்சை.”

ஏன் பச்சை என்று சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று போட்டிருந்த பாவாடை பச்சையாக இருந்திருக்கலாம்.

“கொண்டா, பாப்போம்” என்றார் பெரியப்பா.

உள்ளே போனேன். நோட்டு அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில், என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. உட்கார்ந்து வரைந்தேன். நீலம், வெள்ளைக் கரை, பச்சைச் சாய்சதுரம். அடியில் நல்ல கையெழுத்தில் கம்பெனியின் பெயரை எழுதினேன். அது ஃபேக்ஸிலேயே இருந்தது. ஊர் தூத்துக்குடி. “என்னட்டி, நோட்டு நெய்யப் போயிட்டியா?” என்று பெரியப்பா குரல் கொடுத்தார். “அடியில கெடக்கு, எடுத்துட்டு வாரேன்” என்று பதில் சொல்லிக்கொண்டே ஓரத்தைத் தீட்டி முடித்தேன்.

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு பெரியப்பா பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இருக்கத்தான் செய்யுது” என்றார். என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் நல்ல வார்த்தை அது.

கடைசியாக அம்மா வாங்கிப் பார்த்தாள். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தாள்.

அன்று மாலையே அப்பாவும் அம்மாவும் ரத வீதிக்குப் போய் நீலத்திலும் வெள்ளையிலும் நல்ல கெட்டிப் பாப்ளின் எடுத்து வந்தார்கள். பச்சை வீட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நீலத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போனாள். புதுத்துணிச் சாயத்தைப் போகவிட்டுத்தான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளைக் கரை நீலமாகிவிடும் என்றாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அம்மா படியில் நின்று துணியை அலசியபோது நீலம் ஒரு கோடாக நீண்டு போய்க் கலைந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, “என்ன மைனி, யாருக்கு இவ்வளவு பெரிய பாவாடை?” என்று கேட்டாள்.

“கப்பலுக்கு” என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் தலை இரண்டு விரல்கடை உயர்ந்ததை நான் பார்த்தேன்.

தண்ணீர் தெளிவாக வரும்வரை நான்கு தடவை அலசி, கல் மண்டபத்தில் காயவைத்துத் திரும்பினோம். அம்மா அப்பாவிடம் கேட்ட கேள்விகள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? கயிறு எந்த ஓரத்தில் வரும்? எத்தனை மணி நேரம் பறக்கும்? எந்த ஓரம் முதலில் கிழியும்? கம்பத்துப் பக்கம் மேலே ஒரு மரக்கட்டை, கீழே ஒரு கயிற்று வளையம் வேண்டும் என்று அப்பா சொன்னதும், உடைந்த பூரிக்கட்டையின் பிடியை அறுத்துத் தரச் சொன்னாள். மத்தியானம் அப்பா காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனார், நான் விளையாடப் போனேன். திரும்பி வந்தபோது கொடி கட்டிலை நிறைத்துக்கொண்டு கிடந்தது. நடுவில் பச்சை. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரிந்தது. அதைப் பார்த்தபோது நான்தான் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவள்போல இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு போட்டாயிற்று. மூன்று பேரும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அப்பா வாங்கி வைத்திருந்த அனுமதிச் சீட்டைக் காட்டித் துறைமுக வாசலுக்குள் போனபோது மணி எட்டு. நான் கையிலிருந்து நோட்டைக் கீழே வைக்கவே இல்லை. யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே.

கப்பல் நான் நினைத்ததைவிட அழுக்காக இருந்தது, நினைத்ததைவிடப் பெரிதாகவும் இருந்தது. எங்கள் தெரு முழுவதையும் தூக்கி அதற்குள் வைத்துவிடலாம். அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அப்பா கொடியை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கினார். கயிறு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மாலுமி அதை ஒருதரம் ஏற்றிப் பார்த்தார். கடல் காற்று அதைப் பிடித்து ஒரே உதறில் விரித்தது. நீலம், வெள்ளை, பச்சை. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் நான் புகைபோக்கியைப் பார்த்தேன். இரண்டு பேர் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து அதற்குப் பெயிண்ட் அடித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கியிலும் கம்பெனியின் அதே அடையாளம்தான் இருக்கும் என்று புத்தகத்திலேயே படித்திருக்கிறேன். நீலப் பட்டை, வெள்ளைக் கரை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சாய்சதுரம். பளபளவென்று மஞ்சள்.

“எப்பா” என்றேன். “அவங்க தப்பா அடிச்சிட்டாங்க.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மறுபடி புகைபோக்கியைப் பார்த்தார். பெயிண்ட் டப்பாக்கள் சொந்தக்காரர்களே வாங்கிக் கப்பலில் அனுப்பியவை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் முடிவை மாற்றியிருக்க மாட்டேன்.

வெள்ளை வேட்டியும் விபூதியுமாக அண்ணாச்சி ஜீப்பிலிருந்து இறங்கினார். இறங்கியதும் நேரே மேலேதான் பார்த்தார்.

“என்னவே இது! புகைக்கூண்டுல மஞ்சளு, கொடியில பச்சையா? இன்னும் ஒரு மணி நேரத்துல அவுக வந்து இறங்கிருவாக. அவுக அப்பா, அந்தப் பெரியவரையும் கூட்டிக்கிட்டு வாராக. சின்ன வயசுல அவரு பாத்த கொடி வே அது! பச்சைன்னு யாரு சொன்னா ஒமக்கு?”

அப்பா பயந்த சுபாவம். அண்ணாச்சி ஆபீசில் தும்மினாலே எழுந்து நிற்பார் என்று அம்மா கேலி செய்வாள். அன்று அவர் நேராக நின்று, “நாந்தான் அண்ணாச்சி. பச்சையாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாகப் பெரியப்பாவே ஒப்புக்கொண்ட என் பச்சையை, அண்ணாச்சியின் முன்னால் அப்பா தன்னுடையது என்கிறாரே!

“இல்ல, நாந்தான் சொன்னேன்!” என்று முன்னால் போய் நின்றேன். “நோட்டுல இருக்கு. வேணும்னா பாருங்க.”

அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். அந்தக் கொடி இருந்த பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். என்னை ஒருதரம் பார்த்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“சின்னப்பிள்ளை நோட்டை நம்பிக் கப்பலுக்குக் கொடி தைப்பீரா வே நீரு?”

“அண்ணாச்சி” என்றாள் அம்மா. அதுவரை அவள் அங்கே நிற்பதையே அவர் கவனிக்கவில்லை. “கொடியை இறக்கித் தரச் சொல்லுங்க. இருபது நிமிசம் போதும்.”

“எதும்மா போதும்? துணிக்கு எங்க போவ?”

அம்மா கப்பலைக் கட்டும் ஒரு இரும்புக் குற்றியில் உட்கார்ந்தாள். கொடி வந்து சேர்ந்ததும் மடியில் பரப்பினாள். தூக்குச் சட்டி வைத்திருந்த துணிப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு எடுத்தாள். கடைசியாக நான்காக மடித்த ஒரு மஞ்சள் துணியை எடுத்து உதறினாள். சாய்சதுரம். பச்சைக்கு இருந்த அதே அளவு. நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, மெஷினில் முடித்துத் தயாராக இருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொடியின் மற்ற எல்லாத் தையலும் மெஷினில் இரட்டை ஓட்டம். பச்சையை மட்டும் அவள் கையால், நீள நீளமான இழைகளாகப் பிடித்துவைத்திருந்தாள். நான்கு இடத்தில் நறுக்கி ஒரு இழு இழுத்தாள். பச்சை கழன்று வந்தது. மஞ்சளை அந்த இடத்தில் வைத்து, நெருக்கமாக, ஒரு ஓரத்திலிருந்து அடுத்த ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். காற்றில் துணி எழும்பாமல் அப்பா ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். “பைய இழுங்க அண்ணாச்சி, சுருங்குது” என்று அம்மா அவரை அதட்டியதும், அவர் “சரிம்மா” என்றதும் என் காதில் விழுந்தன. என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள் அம்மா. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றேன்.

என் ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் அதன் அளவு எனக்கு வியப்பாக இருக்கிறது. அம்மா என்னை நம்பவில்லை. நான் சொன்னேன், நோட்டைக் காட்டினேன், பெரியப்பாவே தலையாட்டினார். அப்படியிருந்தும் அவள் ஒரு மஞ்சளை வெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொன்னது பொய் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அது வேறு விஷயம். நம்பாதது வேறு விஷயம்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு கார்கள் வந்தன. பேரன் என்றவருக்கே தலை நரைத்திருந்தது. அவருடைய அப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விற்றவர்களின் கொடி இறங்கியது, இந்தக் கொடி ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஏதோ கேட்டார். அண்ணாச்சி அம்மாவைக் கூப்பிட்டார்.

“தைச்சது நீயா தாயி?”

“ஆமாய்யா.”

“வெள்ளைக் கரை ஒரு விரக்கடை கொறச்சல். எங்கப்பா காலத்துல இன்னும் அகலமா இருக்கும்.”

அம்மா மேலே பார்த்தாள், கண்ணாலேயே அளந்தாள். “ஃபேக்ஸ்ல கோடு மெலிசா இருந்துச்சுய்யா. அடுத்ததுல ஒரு விரக்கடை கூட்டிருதேன்.”

“ம். கூட்டு” என்றார் பெரியவர்.

அடுத்தது என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஒரு வார்த்தையில் அம்மா முடிவு செய்துவிட்டாள். அதுபோலவே நடந்தது. அந்தக் கம்பெனிக்கும், பிறகு அண்ணாச்சி ஏற்பாடு செய்த வேறு கப்பல்களுக்கும் அம்மா பல வருஷம் கொடி தைத்தாள். எங்கள் முடுக்கில் தைத்த கொடிகள் போகாத துறைமுகம் குறைவு. ஆனால் முதல் கொடியின் மஞ்சள், மேலத்தெரு டீச்சர் ஒருத்தி ரவிக்கைக்குக் கொடுத்திருந்த துணி. அடுத்தவர் துணியில் நறுக்குத் துண்டைக்கூட வைத்துக்கொள்ளாதவள் அம்மா. வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தபோது, “இது எடுத்த நிறம் இல்லையே” என்று டீச்சர் கேட்டாள். அம்மா ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னாள். டீச்சர் அதன்பின் எங்கள் வீட்டுக்குத் தைக்கக் கொடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அது கடைசிவரை ஒரு குறை.

அன்று மத்தியானம் பஸ்ஸில் திரும்பினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். வல்லநாட்டு மலை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்தில் அவர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

“மஞ்சளை எப்ப வெட்டின?” என்றார் அப்பா.

“நேத்து, நீங்க சந்தைக்குப் போயிருந்தியள்லா, அப்ப.”

“அப்பவே மஞ்சளும் தயாரா இருந்துச்சுன்னா, பச்சையை எதுக்கு முதல்ல வச்ச?”

“அவ சொல்லிட்டாள்லா” என்றாள் அம்மா.

“அது அப்பத்தான் வரைஞ்சதுன்னு எனக்கும் தெரியும்” என்றார் அப்பா. “தொட்டதும் மெழுகு வெரல்ல ஒட்டிச்சு.”

“தெரிஞ்சா சொல்லியிருக்க வேண்டியதுதானே? அண்ணாச்சிகிட்ட இந்தப் பேச்சு வாங்கணுமா?”

“எப்படிச் சொல்ல? அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாகள்லா.”

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அடக்கிக்கொண்டு, நான் விழித்துவிடாமல் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான். அம்மா மட்டுமல்ல, இரண்டு பேருமே முதலிலிருந்து என்னை நம்பவில்லை, அதற்கு மேல் சிரிக்கவும் செய்கிறார்கள். இனி ஒரு வாரத்துக்கு இருவரோடும் பேசுவதில்லை என்று பாளையங்கோட்டை வருவதற்குள் முடிவு செய்தேன்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். அந்த இரண்டு நாளும் அம்மா தட்டில் சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள். அப்பா, வீட்டுக்கு வந்த ஒருவரிடம் என் நோட்டை எடுத்து எப்போதும்போலப் பெருமையாகக் காட்டினார். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காமல் விட்டதையும் அவர்கள் எனக்குச் செய்த அநியாயங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.